மனசு வைக்காததால் அல்ல

2024ஆம் ஆண்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது அதில் காட்டியிருந்த பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பிறகு இடங்கள் கூட்டப்பட்டன என்றாலும் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. அந்த 20 லட்சம் பேரும் ஊண் உறக்கம் மறந்து படித்திருந்தால்கூட ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் பணி ஆணை கிடைத்திருக்கும். ஆனால் ரிசல்ட் வந்த அன்று மற்றவர்களில் பலர் வீட்டில் கேட்டது ஒரே பேச்சுதான்: “மனசு வெச்சுப் படிச்சிருந்தா வந்திருக்கும்.”

பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. எட்டியவன் மனசு வைத்தவன், எட்டாதவன் சோம்பேறி என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுகிறது. மேடைப் பேச்சாளர்களும், வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகங்களும், கோச்சிங் சென்டர் சுவர்களும் இதையேதான் வேறு வேறு சொற்களில் சொல்கின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள் என்றில்லை. சர்க்கரை வந்து டாக்டர் தினமும் நடக்கச் சொன்ன பெரியவரும், அடகில் இருக்கும் நகையை இந்த வருஷமாவது மீட்டுவிட நினைக்கும் குடும்பத் தலைவியும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இலக்கு வைத்தவர்களில் யார் எட்டுகிறார்கள், எதனால் எட்டுகிறார்கள் என்று உளவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதும் நம் மேடைகளில் முழங்குவதும் பல இடங்களில் நேரெதிராக நிற்கின்றன. ஆசை எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்த ஆசைக்கு எந்த நேரம், எந்த இடம், எந்த வேலை ஒதுக்கப்பட்டது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. தோற்றுவிட்டதாக நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

“எழுதி வெச்சவன்தான் ஜெயிச்சான்”

யேல் பல்கலைக்கழகக் கதை இல்லாமல் தன்னம்பிக்கை வகுப்புகள் முடிவதில்லை. 1953இல் பட்டம் வாங்கிய மாணவர்களிடம் வாழ்க்கை இலக்கை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்களாம். 3 சதவீதம் பேர் மட்டும் எழுதி வைத்திருந்தார்களாம். 20 வருடம் கழித்துப் பார்த்தால், அந்த 3 சதவீதத்தினரின் சொத்து மீதி 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தையும் மிஞ்சி நின்றதாம். சில வகுப்புகளில் இதே கதை 1979, ஹார்வர்டு என்று ஊர் மாறி வரும்.

1996இல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற அமெரிக்க இதழ் இந்த ஆய்வைத் தேடிப் போனது. கதையைச் சொல்லிவந்த புகழ்பெற்ற பேச்சாளர்கள் ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார்கள். யேலில் விசாரித்தால், அப்படியோர் ஆய்வு நடந்ததற்கான தடயமே இல்லை என்று தெரிந்தது. நடக்காத ஆய்வை நம்பி எத்தனை ஆயிரம் பிள்ளைகள் சுவரில் இலக்கை ஒட்டிவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதபோது தன்னிடம்தான் ஏதோ குறை என்று நொந்திருப்பார்கள்!

எழுதுவது வீண் என்று சொல்லவில்லை. எதை எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி. எட்வின் லாக், கேரி லாதம் இருவரும் இந்தத் துறையின் முன்னோடிகள். லாதம் 1970களில் அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில் மரக்கட்டை ஏற்றும் லாரி டிரைவர்களைக் கவனித்தார். முடிந்தவரை ஏற்றுங்கள் என்று சொல்லியிருந்த காலத்தில், சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏறியது. 94 சதவீதம் என்று குறிப்பாக ஓர் எண்ணை இலக்காக வைத்தார்கள். கூடுதல் கூலி கிடையாது, பரிசு கிடையாது. மூன்றாவது மாதத்தில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ‘முடிந்தவரை’ என்று சொன்னால் எங்கே நிறுத்துவது என்பது யாருக்கும் தெரிவதில்லை. எண் வைத்தால் தெரிந்துவிடுகிறது.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. அந்த டிரைவர்களுக்கு வேலை ஏற்கெனவே தெரியும். எவ்வளவு ஏற்றுவது என்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கும்போதே பெரிய மதிப்பெண் இலக்கைத் தலையில் ஏற்றினால் அது கெடுதலாகக்கூட முடியும். 1989இல் வெளியான ஓர் ஆய்வில், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பயிற்சிக் கணினியில் பழகிய அமெரிக்க விமானப்படை வீரர்களுக்கு ஆரம்பத்திலேயே எண் இலக்கு கொடுத்தார்கள். கற்பதில் இருக்க வேண்டிய கவனம் இலக்கின் மேல் போய்விட்டது, தேர்ச்சி குறைந்தது. ஆகவே இப்போதுதான் கணக்குப் பகுதியைத் தொடங்கியிருக்கும் ஒருவர் ‘200க்கு 180’ என்று எழுதி வைப்பதைவிட, ‘இந்த வாரம் தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டுக்கும் வித்தியாசம் புரிந்து, வகைக்கு ஐந்து கணக்கு’ என்று எழுதிக்கொள்வது நல்லது. குரூப் 4இல் ஜெயிப்பது என்பது மற்ற லட்சக்கணக்கானவர்கள் அன்றைக்கு எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. இன்றைக்கு ராத்திரி என்ன செய்யப்போகிறோம் என்பது நம்மைப் பொறுத்தது.

அந்த ‘இன்றைக்கு ராத்திரி’யை எடுத்துக்கொண்டு உழைத்தவர் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர். ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்பது ஆசை. ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே மைதானத்துக்குப் போய் 20 நிமிஷம் ஓடுவேன்’ என்பது ஏற்பாடு. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பிரிட்டனில் 248 கல்லூரி மாணவர்களிடம் அளந்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. ஒன்றும் சொல்லாமல் விட்ட குழுவில் அடுத்த வாரத்தில் ஒரு தடவையாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். உடற்பயிற்சி இதயத்தை எப்படிக் காக்கும் என்று ஊக்கமூட்டும் குறிப்புகளைப் படிக்க வைத்த குழுவில் 35 சதவீதம். அதே குறிப்புகளோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று ஒரு வரி எழுத வைத்த குழுவில் 91 சதவீதம். ஊக்கமூட்டிய குறிப்பு தனியாக எதையும் அசைக்கவில்லை. நாளையும் இடத்தையும் குறித்த ஒற்றை வரிதான் அசைத்தது. பிறகு 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த முறை கணிசமான பலன் தருவது உறுதியானது.

காரணம் எளியது. எப்போது செய்வது என்று முடிவெடுப்பதே ஒரு வேலை. களைத்துப்போன ராத்திரியில் அந்த வேலைதான் நம்மைத் தோற்கடிக்கிறது. முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டால் நேரமும் இடமும் வந்தவுடன் கை தானாக நோட்டை எடுக்கும்.

தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாவில், கட்டம் போட்டு, ‘என் இலக்கு: வி.ஏ.ஓ.’ என்று இருந்தது. என்னை நிறுத்தியது அதுவல்ல, நடுப்பக்கத்தில் பென்சிலில் கிறுக்கியிருந்த மூன்று வரிகள். ‘நைட்டு சாப்பிட்டுத் தட்டு கழுவி வெச்சதும் மாடிப்படி லைட்டுக்குக் கீழ. ஏழாவது சோசியல் ஒரு பாடம், பின்னாடி இருக்கிற கேள்வி எல்லாம். கரண்ட் போனா போன் டார்ச்ல பழைய தப்பு மட்டும்.’ தட்டு கழுவுவது தினமும் நடக்கும் காரியம், அதில் படிப்பைக் கட்டிவிட்டார். கரண்ட் போகும் என்பதும் அவருக்குத் தெரியும், அதற்கும் வழி வைத்துவிட்டார். கோல்விட்சர் எழுதியதன் சாரம் அந்தப் பென்சில் எழுத்தில் முழுசாக இருந்தது.

“கண்ணை மூடி ஜெயிச்ச மாதிரி நினைச்சுப் பாரு”

இந்த நம்பிக்கையில்தான் எனக்குக் கவலை அதிகம். ஏனென்றால் இதில் இன்பம் இருக்கிறது. இன்பம் இருப்பதால் விட மனசு வராது.

கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் எடை குறைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த 25 பெண்களிடம், மெலிந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யச் சொன்னார். 1991இல் வெளிவந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. மிக அழகாகக் கற்பனை செய்தவர்கள், அப்படிக் கற்பனை செய்யாதவர்களைவிட சுமார் 11 கிலோ குறைவாகவே எடை இழந்திருந்தார்கள். ஜெர்மனியில் வேலை தேடிய பட்டதாரிகளிடமும் இதே கதை. நல்ல வேலையில் உட்கார்ந்திருப்பதாக அடிக்கடி கனவில் திளைத்தவர்கள் இரண்டு வருடம் கழித்து, குறைவாக விண்ணப்பித்து, குறைவான வாய்ப்பு பெற்று, குறைந்த சம்பளத்தில் இருந்தார்கள். கற்பனையில் ஜெயித்துவிட்டால் மனசு அந்த நிம்மதியை உடனே அனுபவித்துவிடுகிறது; உழைக்க வேண்டிய தவிப்பு தணிந்துவிடுகிறது.

நம்பிக்கை கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. அதே ஆய்வுகளில், தன்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே செய்தார்கள். திறமையையும் பழைய அனுபவத்தையும் வைத்து ‘முடியும்’ என்று எடைபோடுவது வேறு, முடிந்துவிட்டதாக ரசிப்பது வேறு.

கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது? லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தேர்வுக்கு முன் சில நாட்கள் தினமும் ஐந்து நிமிடம் மாணவர்களைக் கற்பனை செய்ய வைத்தார்கள். ஒரு குழு நல்ல மதிப்பெண் வாங்கிப் பூரிப்பதை நினைத்துப் பார்த்தது. இன்னொரு குழு டிவியை அணைப்பது, புத்தகத்தைத் திறப்பது, வெளியே கூப்பிடும் நண்பனிடம் வரவில்லை என்று சொல்வது என ஒவ்வொரு செயலாக நினைத்துப் பார்த்தது. இரண்டாவது குழு சீக்கிரம் படிக்க ஆரம்பித்தது, அதிக மதிப்பெண்ணும் வாங்கியது. முதல் குழு படித்த நேரமே குறைந்துபோனது.

“21 நாள் பல்லைக் கடிச்சுக்கோ, பழகிடும்”

இதன் பிறப்பிடம் அழகுபடுத்தும் அறுவை சிகிச்சை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முகம் திருத்தப்பட்டவர்கள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாட்கள் ஆவதாக 1960இல் ஒரு நூலில் எழுதினார். கண்ணாடியில் தெரியும் மூக்கு பழகுவதைப் பற்றி அவர் சொன்னது, கை மாறிக் கை மாறி, ‘குறைந்தது’ உதிர்ந்து, காலையில் எழுந்து ஓடுவதற்கான விதியாகிவிட்டது.

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவரது குழுவும். 96 பேர் தினமும் ஒரு புதிய பழக்கத்தை 12 வாரம் செய்தார்கள். சிலர் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிதான காரியத்தை எடுத்துக்கொண்டார்கள், சிலர் உடற்பயிற்சியை எடுத்துக்கொண்டார்கள். யோசிக்காமலேயே அதைச் செய்யும் நிலை வர ஆன காலத்தின் நடுக்கணக்கு 66 நாள். எளிதில் படிந்தவருக்கு 18 நாள். கடினமானவருக்குக் கணக்குப்படி 254 நாள் வரை நீளும். உடற்பயிற்சி போன்றவைதான் அதிகம் இழுத்தன.

22ஆம் நாள் காலையில் எழ மனசு வராமல் போர்வைக்குள் படுத்துக்கொண்டு ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று முடிவு கட்டியவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அன்றைக்கு உங்கள் பழக்கத்துக்கு வயது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

லாலியின் ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் உருவாவது கெடவில்லை. ‘ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சு’ என்று நினைத்து மறுநாளும் விடுவதுதான் கெடுக்கிறது. கனடாவில் 119 முதலாமாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தன்னை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

“புத்தாண்டு சபதம் பொங்கல் வரைக்கும்தான்”

அவ்வளவு மட்டம் இல்லை. உளவியலாளர் ஜான் நார்கிராஸின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டுக்குச் சபதம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் அதில் நின்றார்கள். அதே மாற்றத்தை விரும்பியும் சபதம் எடுக்காதவர்களில் நின்றவர்கள் 4 சதவீதம். சுவீடனில் 1,066 பேரை ஒரு வருடம் தொடர்ந்தபோது, ஒன்றைச் செய்யத் தொடங்குவதாகச் சபதம் எடுத்தவர்களில் 58.9 சதவீதம் பேரும், ஒன்றை நிறுத்துவதாகச் சபதம் எடுத்தவர்களில் 47.1 சதவீதம் பேரும் வெற்றி என்று சொன்னார்கள். ‘நைட்டு பரோட்டா சாப்பிட மாட்டேன்’ என்பதைவிட ‘நைட்டு கேழ்வரகு தோசை சாப்பிடுவேன்’ நிற்கும் வாய்ப்பு அதிகம்.

“அவனுக்கு வில் பவர் ஜாஸ்தி”

1998இல் உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டர் குழுவின் ஆய்வு ஒன்று பெரும்புகழ் பெற்றது. அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் மணக்க, சிலரை முள்ளங்கி மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். பிறகு விடையே இல்லாத புதிரைக் கொடுத்தார்கள். முள்ளங்கிக்காரர்கள் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். பிஸ்கட் தின்றவர்கள் சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். மன உறுதி என்பது செலவழித்தால் தீர்ந்துபோகும் சரக்கு என்று அன்றிலிருந்து எல்லோரும் பேசினார்கள். 2016இல் 23 ஆய்வகங்களில் 2,141 பேரை வைத்து இந்தக் கருத்தை மறுபடி சோதித்தார்கள். விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

அப்படியென்றால் கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று நாம் மெச்சுகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஜெர்மனியில் 205 பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன ஆசை வந்தது, அதை எதிர்த்தீர்களா என்று கேட்டார்கள். கட்டுப்பாடு மிக்கவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டவில்லை. அவர்களுக்கு அந்தச் சோதனையே குறைவாக வந்தது. கனடாவில் 159 மாணவர்களைத் தொடர்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வும் இதையே சொல்கிறது. இலக்கை எட்டுவதோடு சம்பந்தப்பட்டிருந்தது எவ்வளவு வலிந்து தடுத்துக்கொண்டார்கள் என்பது அல்ல. சபலம் எவ்வளவு குறைவாக எதிரே வந்தது என்பதுதான்.

இதை நம் வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிரே டிவியில் சீரியல், நடுவில் புத்தகம். பாட்டிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், தம்பியை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும். படிக்கிறது பெண் என்றால் ‘வீட்லதானே இருக்க’ என்று சொல்லி எல்லா வேலையும் அவள் தலையில்தான் விழும். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கட்-ஆஃபைத் தொடாமல் போனால், தனி அறையும் மூடும் கதவும் உள்ள வீட்டிலிருந்து வந்தவரோடு அவளுடைய மன உறுதியை ஒப்பிடுவது அநியாயம்.

அதனால்தான் நூலகங்களை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. பல நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே போய்ப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், ரப்பர் பேண்ட் போட்ட சமச்சீர் புத்தகங்கள், கவிழ்த்து வைத்த போன், பக்கத்து நாற்காலியில் துப்பட்டாவைப் போட்டுத் தோழிக்குப் பிடித்து வைத்த இடம். எல்லோரும் படிக்கும் இடத்தில் படிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒரு ஊரில் இப்படி ஒரு ஹால் ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருந்தால், அது செய்யும் உதவியை நூறு தன்னம்பிக்கைக் கூட்டங்கள் செய்துவிடாது.

“யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு பட்டுடும்”

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு: ‘ஊர் பூரா சொல்லிடு, அப்பதான் வெட்கத்துக்காவது செய்வே.’ இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கோல்விட்சர் குழு 2009இல் சட்ட மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், நல்ல வழக்கறிஞராக வேண்டும் என்ற தன் எண்ணத்தை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்று தெரிந்தவர்கள், அதற்கான பயிற்சியில் குறைவாகவே உழைத்தார்கள். ‘அடுத்த கலெக்டர் நம்ம பையன்தான்’ என்று சொந்தபந்தம் மெச்சிவிட்டால் பட்டம் பாதி கிடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் முன்னேற்றத்தைச் சொல்வது வேறு. 2016இல் 138 ஆய்வுகளை, ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை, சேர்த்துப் பார்த்தார்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வைத்தபோது இலக்கு எட்டுவது கூடியது. அதை எழுதி வைத்தபோதும், பிறரிடம் தெரிவித்தபோதும் பலன் இன்னும் அதிகம். கனவைக் கல்யாண வீட்டில் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாடல் டெஸ்டில் வந்த மார்க்கை, கூடப் படிக்கும் ஒருவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்று ரீடிங்கை காலண்டரில் எழுதி, மனைவியிடமோ மகளிடமோ காட்டட்டும்.

“நான் பதினெட்டு மணி நேரம் படிச்சேன்”

தேர்ச்சி பெற்றவர்களின் பேட்டிகளில் இது வந்துவிடும். கேட்கிற பிள்ளைக்கு உடனே குற்ற உணர்ச்சி. ஆனால் மணிக்கணக்கு என்பது உட்கார்ந்திருந்ததன் அளவு. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, ஞாபகம் வந்ததை எழுதி எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு நினைவிருந்தது 40 சதவீதம். இரண்டாவது குழுவுக்கு 61 சதவீதம். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் குழுவினர். மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கக் கோடு போட்டு ஆறு முறை வாசித்தவருக்குத் தேர்வு ஹாலில் வரும் திகைப்பின் காரணம் இதுதான்.

டைம்டேபிள் போடுவதிலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குக்கூட 49 நாள்தான் சொன்னார்கள். மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். சிலபஸை மூன்று மாதத்தில் முடிக்கத் திட்டமிட்டவர் ஐந்து மாதம் எடுத்தால் அவர் சோம்பேறி இல்லை. போன பாடத்துக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பார்த்து, அதை வைத்து அடுத்த கணக்கைப் போட வேண்டும்.

“விட்டுடாதே, கடைசி வரைக்கும் போராடு”

2023ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். பிரிலிம்ஸ் தாண்டி மெயின்ஸ் எழுதத் தகுதி பெற்றவர்கள் 14,624. நேர்முகத்துக்குப் போனவர்கள் 2,855. தேர்வானவர்கள் 1,016. அங்கே பொதுப் பிரிவினருக்கு 6 முறை, ஓபிசி பிரிவினருக்கு 9 முறை என்று வரம்பாவது உண்டு. பல தேர்வுகளில் வயதுதான் வரம்பு. ‘என்ன பண்றே?’ என்று கேட்டால் ‘படிச்சுட்டு இருக்கேன்’ என்று இருபத்திரண்டு வயதில் சொன்ன பிள்ளை, முப்பது வயதிலும் அதையே, இன்னும் தாழ்ந்த குரலில் சொல்கிறது. விட்டுவிடாதே என்று மேடையில் முழங்குகிறவருக்கு அந்த எட்டு வருடத்தின் கணக்கு தெரியாது.

எட்ட முடியாத இலக்கை விடத் தெரிவதும் ஒரு திறமை என்கிறார் கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளர். அவரும் கிரிகரி மில்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பதின்பருவப் பெண்களின் ரத்தத்தை ஒரு வருடம் தொடர்ந்து சோதித்தார்கள். கைக்கு எட்டாத இலக்கை விட முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, உடலில் அழற்சியைக் காட்டும் புரதம் கூடிக்கொண்டு போனது. விட முடிந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பழையதை விடுவதோடு புதிதாக ஒன்றைப் பற்றிக்கொள்கிறவர்கள் நல்ல மனநிலையில் இருப்பதையும் ரோஷின் மற்ற ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்துல் கலாமின் முதல் ஆசை விமானி ஆவது. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. ஒரே ஒரு இடம். மனசு வைக்காததால் ஒன்பதாவது வந்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? அங்கிருந்து ரிஷிகேஷ் போய், மனம் தேறி, டெல்லி திரும்பி, 1958இல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் விஞ்ஞான உதவியாளர் வேலையில் சேர்ந்தார். விமானத்தின் மேல் இருந்த ஆசையை அவர் விடவில்லை. ஓட்டுவது என்ற ஒரு வடிவத்தை விட்டார். அவர் பேரைச் சொல்லி ‘கடைசி வரை விடாதே’ என்று பேசுகிறவர்கள் இந்த ஒன்பதாம் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எப்போது விடுவது என்று வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த முடிவுக்கு ஓர் ஒழுங்கு வைக்க முடியும். வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதலாம். இன்னும் எத்தனை அட்டெம்ப்ட், அதுவரை வீட்டுச் செலவுக்கு யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் மாடல் டெஸ்டில் எத்தனை கேள்வி சரியாக வர வேண்டும், வராவிட்டால் எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது. திறனறிவுக் கணக்கும் பொது அறிவும் காவலர் தேர்வுக்கும் ரயில்வேக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் உதவும் என்பதால், அவற்றையும் கூடவே எழுதிக்கொண்டு வரலாம். போன தடவை 130 சரி, இந்தத் தடவை 155 என்று ஏறிக்கொண்டே வருகிறவர் தொடர நியாயம் இருக்கிறது. மூன்று தடவையாக அதே இடத்தில் நிற்கிறவர் படிக்கும் முறையை மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது தேர்வை மாற்ற வேண்டும். இந்தத் தாளை எழுதச் சரியான நேரம் விண்ணப்பம் போடும் நாள். ரிசல்ட் வந்த ராத்திரியில் அந்த வீட்டில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.